துருவத்துல காத்து உடைஞ்சா சென்னை குளிருமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல "போலார் வோர்டெக்ஸ் உடையுது, சென்னைக்கு கடும் குளிர்"னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க, கூடவே எங்கயோ ஐரோப்பாவுல எடுத்த பனி மூடின ரோட்டு படம் வேற. அன்னிக்கு சாயங்காலமே எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு அத ஃபார்வர்ட் பண்ணி, ஒரு மாமி மார்கழி கச்சேரிக்கு போலாமா வேண்டாமான்னு கேக்குற அளவுக்கு ஆயிடுச்சு. 22 டிகிரிக்கே குரங்கு குல்லா மாட்டுற ஊர் சார் இது.

விஷயமே பொய்னு நான் சொல்ல வரல. வட துருவத்துல குளிர்காலம் பூரா வெயிலே கிடையாது, அதனால மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்ல (மழை மேகம் இருக்குற அடுக்குக்கு மேல உள்ள காத்து அடுக்கு), ஒரு 30 கிலோமீட்டர் உயரத்துல, காத்து பயங்கரமா குளிர்ந்து போய் துருவத்த சுத்தி மேற்கேருந்து கிழக்கா வேகமா சுத்திட்டே இருக்கும், இந்த சுழலத்தான் போலார் வோர்டெக்ஸ்ங்குறாங்க. கீழ இருக்குற மலைங்க (நம்ம இமயமலை, திபெத் பக்கமும் இதுல சேர்த்திதான்), கடலுக்கும் தரைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம், இதெல்லாம் காத்துல கெளப்பி விடுற பெரிய அலைங்க சில சமயம் அவ்ளோ உயரம் ஏறிப்போய் அந்த சுழல தடுத்துடும், காத்தோட திசையே திரும்பிடும் (சுழல் 'உடையுது'ங்குறது இதத்தான்), துருவத்துக்கு மேல காத்து கீழ எறங்கி அமுங்கி சூடாகும், சில நாள்லயே 30, 40 டிகிரி ஏறிடும். 1952லயே பெர்லின்ல ரிச்சர்ட் ஷெர்ஹாக்ங்குற வானிலை விஞ்ஞானி இத கண்டுபிடிச்சுட்டாரு. பத்து வருஷத்துல சராசரியா ஆறு தடவ நடக்குற சமாச்சாரம், உலகம் அழியப்போறதுக்கு அறிகுறி எல்லாம் இல்ல.

வானிலைக்காரங்க இத ஏன் உத்துப் பாக்குறாங்கன்னா, கீழ நம்ம மட்டத்துல நடக்குறத நாள் கணக்கா சொல்ல ரெண்டு வாரத்துக்கு மேல ரொம்ப கஷ்டம், ஆனா மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்ல ஒரு தடவ கலைஞ்சா சரியாக வாரக்கணக்கா ஆகும், அந்த பாதிப்பு மெல்ல மெல்ல கீழ எறங்கும். ரெண்டு மாசம் வரைக்கும் கூட அது நிக்கலாம்னு 2001ல பால்ட்வின், டன்கர்ட்டன்னு ரெண்டு விஞ்ஞானிங்க காட்டினாங்க. 2018 பிப்ரவரி 12 வாக்குல மேல காத்து திரும்புச்சு, அந்த மாசக் கடைசியில சைபீரியா குளிரு பிரிட்டன் வரைக்கும் போச்சு, ரோம்லயே பனி விழுந்துச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் இப்படி கீழ வரைக்கும் வராது. சேப்பாக்கத்துல டாஸ் ஜெயிச்சா கொஞ்சம் சாதகம், அதுக்காக மேட்ச் முடிஞ்சுதுன்னு யாராவது கெளம்பிடுவாங்களா? 2021 ஜனவரியிலயும் சுழல் உடைஞ்சுது, பிப்ரவரியில டெக்சாஸ் உறைஞ்சுது, ஆனா ரெண்டுக்கும் எவ்ளோ தொடர்புன்னு விஞ்ஞானிங்களுக்குள்ளயே இன்னும் சண்டைதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். துருவத்துல அப்படி சூடாகுறப்ப வெப்பமண்டலத்துக்கு மேல, அதே ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, லேசா குளிரும். அதனால இங்க மழை மேகத்துல ஏதாவது மாறுதான்னு ஆராய்ச்சி நடக்குது, அவ்ளோதான். அத வெச்சு மயிலாப்பூர்ல ஸ்வெட்டர் எடுங்கன்னு சொல்ல முடியாது. மார்கழியில நமக்கு விடியக்காலைல கொஞ்சம் குளுருதுன்னா அது வானம் தெளிவா இருக்குறதாலயும் வடக்கேருந்து வர்ற வறண்ட காத்தாலயும்தான், பனி விழுதுன்னு நாம சொல்றதும் அதே ராத்திரிங்களோட வேலைதான்.

ஸ்ட்ராட்டோஸ்பியர பத்திதான் எழுதணும்னா நம்ம பக்கத்துலயே நல்ல சரக்கு இருக்கு சார். பூமத்திய ரேகைக்கு மேல அந்த உயரத்துல வீசுற காத்து சுமார் 28 மாசத்துக்கு ஒரு தடவ கிழக்கும் மேற்குமா மாறி மாறி ஒரு சுத்து முடிக்கும், க்யூபிஓன்னு சொல்வாங்க. அது கிழக்குக் காத்தா இருக்குற வருஷம் துருவச் சுழல் வழக்கத்த விட கொஞ்சம் பலவீனமா இருக்கும், அது மட்டுமில்ல, இந்தியப் பெருங்கடல்லேருந்து கிழக்க நகர்ற எம்ஜேஓங்குற மேகக் கூட்டம் டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் பலமாகும், இன்னும் சில நாள் முன்னாடியே கணிக்கவும் முடியும். வடகிழக்கு பருவமழை வலுக்குறதுலயும் ஓயுறதுலயும் அந்த எம்ஜேஓவுக்கு பங்கு இருக்கு. துருவத்த விட நம்ம ஏரிங்களுக்கு இதுதான் கிட்ட. மீனம்பாக்கத்துலேருந்து பறக்குற வானிலை பலூன் மேல போயி வெடிக்குறதே ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள்ளதான், அத பத்தி ஒரு ஃபீச்சர் போட்டா ஸ்கூல் பசங்க கட் பண்ணி ஒட்டுவாங்க.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். வானிலை துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு வாரத்துக்கான நீட்டிக்கப்பட்ட கணிப்பு வெளியிடுறாங்க, அதுல தமிழ்நாட்டுக்கு என்ன சொல்லிருக்குன்னு வெள்ளிக்கிழமை பேப்பர்ல சின்னதா ஒரு பெட்டி செய்தி போடுங்க, "வாய்ப்பு அதிகம்", "வாய்ப்பு கம்மி"ன்னு அவங்க எழுதுறத அப்படியே "பெய்யும்", "பெய்யாது"ன்னு மாத்தாம. அப்புறம் அந்த ஐரோப்பா பனி படத்த தயவுசெஞ்சு சென்னை செய்திக்கு மேல போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர்