ஈக்கின்ஸ் வரைந்த இரண்டு அறுவை அரங்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தாமஸ் ஈக்கின்ஸுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான். அதுவும், பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்ததற்காக 1886-ல், அவர் பாடம் நடத்திய பென்சில்வேனியா நுண்கலை அகாடமி அவரை ராஜினாமா செய்ய வைத்த கதை. நடந்தது உண்மைதான். ஆனால் அவர் என்ன வரைந்தார் என்று ஒரு வரியாவது வேண்டாமா? அறுவை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

பிலடெல்பியாக்காரரான ஈக்கின்ஸ் அங்குள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு படித்தவர். 1875-ல் அந்தக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸை, எட்டு அடி உயரத் துணியில், அறுவை சிகிச்சைக்கு நடுவிலேயே வரைந்தார். அதுதான் 'கிராஸ் கிளினிக்'. கத்தி பிடித்த கையில் ரத்தம். நோயாளிக்குத் தொடை எலும்பில் சீழ். முன்பெல்லாம் இப்படி வந்தால் காலையே வெட்டிவிடுவார்கள். கிராஸ் செத்த எலும்பை மட்டும் எடுத்துக் காலைக் காப்பாற்றுகிறார். ஓரத்தில் ஒரு பெண், நோயாளியின் தாய் என்பார்கள், பார்க்க முடியாமல் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மருத்துவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில், கையுறை இல்லாமல். மறு வருடம் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைப் பிரிவு இதை ஏற்கவில்லை. ராணுவ மருத்துவமனையைக் காட்டிய கூடத்தில்தான் இடம் கிடைத்தது. பிறகு கல்லூரிக்காக 200 டாலருக்கு வாங்கினார்கள்.

அப்புறம் 1889-ல், ஓய்வு பெறும் டாக்டர் ஆக்னியூவுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டு வரைந்தது 'ஆக்னியூ கிளினிக்'. இதில் மருத்துவர்கள் வெள்ளை உடைக்கு மாறிவிட்டார்கள். நடுவில் கிடந்தது வெறும் 14 வருடம். அறுவை சிகிச்சையில் கிருமி ஒழிப்பு முறையைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் மருத்துவர் லிஸ்டரே அதை விளக்க 1876-ல் பிலடெல்பியாவுக்கு வந்தார். கிராஸ் அதை ஏற்கவில்லை, அடுத்த தலைமுறை ஏற்றுக்கொண்டது. கையுறையும் முகமூடியும் இந்தப் படத்திலும் இல்லை. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் மேரி கிளைமர் என்ற செவிலியர் நிமிர்ந்து நிற்கிறார். முந்தைய படத்தில் கண்ணை மூடிக்கொண்ட பெண்ணின் இடத்துக்கு, வேலை தெரிந்த ஒரு பெண் வந்துவிட்டார்! இதைப் பார்த்து வரைந்து தந்த ஓவியர் வேறு யார்?

2006-ல் 'கிராஸ் கிளினிக்' 6.8 கோடி டாலருக்கு வெளியூர் போக இருந்தது. பிலடெல்பியா மக்கள் பணம் திரட்டித் தடுத்தார்கள். அதற்காக, அன்று அவரை வெளியேற்றிய அதே அகாடமி தன்னிடமிருந்த ஈக்கின்ஸின் 'செல்லோ வாசிப்பவர்' ஓவியத்தை விற்றது.

இந்த இரண்டு படங்களையும் எதிரெதிர் பக்கங்களில், வண்ணத்தில், பெரிதாக அச்சிட வேண்டுகிறேன். தபால்தலை அளவில் போட்டால் கிளைமரின் முகம் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி