ஐப்பசியில் ஹோய் ஆனுக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விடுமுறைக்கான வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரத் தொடங்கிவிட்டன. பழமையான நகரங்களையும் அழகிய கடற்கரையையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்று அவற்றுள் பல மத்திய வியட்நாமைக் காட்டுகின்றன. தா நாங் கடற்கரை, ஹோய் ஆன் பழைய நகரம், ஹுவே அரண்மனை எல்லாம் நான்கு இரவு, ஐந்து பகலில் அடங்கிவிடுகின்றன. இடங்களைத் தேர்ந்ததில் எனக்குக் குறையில்லை; நான் பார்த்த வெளிநாட்டு ஊர்களில் மறுபடியும் போகமாட்டோமா என்று ஏங்க வைத்தவை இவைதாம். குறை, தேர்ந்த மாதத்தில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் மக்களை அந்தக் கரைக்கு அனுப்புவதும், அங்கே அது அடைமழைக் காலம் என்பதைச் சொல்லாமல் முன்பணம் வாங்குவதும் தவறு என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். அந்தக் கரையின் மழைக்காலத்தைத் தமிழ்நாட்டவருக்கு விளக்குவது எளிது. ஏனென்றால் அது நம்முடைய மழைக்காலமேதான். நம் சோழமண்டலக் கரையைப் போலவே மத்திய வியட்நாமின் கரையும் கிழக்கே கடலைப் பார்த்தது. நமக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதைப் போல அதற்குப் பின்னால் அன்னாமிய மலைத்தொடர் நிற்கிறது. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலைக்கு அப்பால் லாவோஸ் நனைய, இந்தப் பக்கம் காய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும், தென்சீனக் கடலின் ஈரம் மலைச்சுவரில் மோதி அந்தக் குறுகிய கரையிலேயே கொட்டித் தீர்க்கிறது. போதாதற்குப் புயல்களும் அதே மாதங்களில் வருகின்றன. தா நாங்கில் மார்ச் மாதம் முழுவதும் சராசரியாக 25 மி.மீ. அளவுக்குத்தான் மழை, அக்டோபரில் 600 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. 2025 அக்டோபர் இறுதியில் ஹுவேக்கு அருகிலுள்ள பாக் மா மலையில் 24 மணி நேரத்தில் 1,700 மி.மீ.க்கு மேல் பெய்தது. சென்னையின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். அந்த வாரம் ஹோய் ஆன் தெருக்களில் படகுதான் ஓடியது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த நானே ஏமாந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி கழிந்த வாரத்தில், எங்கள் மாவட்டத்திலுள்ள ஒரு பயண முகமை வழியாக நானும் என் துணைவியாரும் இன்னும் பதினெட்டுப் பேரும் அங்கே போனோம். "அங்கே இப்போது சீசன்தான் சார்" என்று அந்த அலுவலகத்தில் சொன்னதை நம்பினேன். ஹோய் ஆனில் இறங்கிய மறுநாள் காலை தூ போன் ஆறு கரை தாண்டியிருந்தது. சாம் தீவுகளுக்குப் படகு விடவில்லை. மீ சன் என்ற இடத்திலுள்ள பழைய சிவன் கோவில்களுக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றது. இரண்டு நாட்கள் விடுதி முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். திரும்பி வந்து கேட்டபோது, இயற்கைச் சீற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருவதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாமா?

அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. மழை சற்று விட்ட நேரத்தில் பழைய வணிகர் வீடு ஒன்றுக்குள் போனோம். கூடத்துச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்தின் உயரத்தையும் கோடு போட்டு ஆண்டு எழுதி வைத்திருந்தார்கள். 1964 என்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. கூரைத் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு; அதன் மரச்சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு இளைஞர்கள் இருவர் மேலிருந்து கயிறு விட, கீழே நின்ற மூதாட்டி ஒருவர் பீங்கான் சாடிகளைத் துணியில் சுற்றிக் கட்டி ஒவ்வொன்றாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். அவசரமோ பதற்றமோ அவர் முகத்தில் இல்லை. வெள்ளம் எந்த மாதம் வரும் என்று தெரிந்து, அதற்கென்றே ஓட்டை விட்டுக் கட்டப்பட்ட வீடு அது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து கப்பல்கள் வந்து போன துறைமுகத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காற்றின் மாதம் தெரியாமல் இருக்குமா? காற்றை நம்பி வந்த சீன, ஜப்பானிய வணிகர்களும் அடுத்த காற்றுக்காக அங்கே மாதக்கணக்கில் தங்கித்தான் கடைகளையும் கூடங்களையும் கட்டினார்கள்.

அடுத்த முறை, மாசிக் கடைசியில், முகமை இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போனோம். 2023 ஆகஸ்டு முதல் எல்லா நாட்டினருக்கும் 90 நாள் வரை இ-விசா தருகிறார்கள், வீட்டிலிருந்தே விண்ணப்பித்தோம். ஹுவேயில் இரண்டு இரவு, ஹோய் ஆனில் நான்கு இரவு, வேறு ஊர் இல்லை. 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் தலைநகரம் ஹுவே. வியட்நாம் போரின்போது 1968இல் நடந்த சண்டையில் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்ததால், கோட்டைக்குள் மண்டபங்களைவிட வெற்றிடங்களே மனத்தைப் பிடிக்கின்றன. அங்கிருந்து தா நாங்குக்குப் பேருந்தில் போகாமல் ரயிலில் போனோம். சுரங்கச் சாலை 2005இல் திறந்தபின் பேருந்துகள் மலைக்குள் புகுந்து வெளியே வந்துவிடுகின்றன. ரயில் மட்டும் ஹாய் வான் மலையின் கடலோரச் சரிவைப் பற்றிக்கொண்டு மெல்ல ஊர்கிறது. இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கீழே ஆளில்லாத மணல்திட்டுகளும் பச்சை நீரும் தொடர்ந்து வரும். கடற்கரைக்காகவே போகிறவர்கள்கூட இந்த மூன்று மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது.

முதல் முறை தவறவிட்ட மீ சன் கோவில்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், சாம் மக்களின் சாம்பா நாட்டு அரசர்கள் நான்காம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோவில்கள் இருக்கின்றன. முதல் கோவிலைக் கட்டிய பத்ரவர்மன் தன் பெயரைச் சேர்த்தே இறைவனுக்குப் பத்ரேசுவரன் என்று பெயரிட்டான். தஞ்சைப் பெரிய கோவில் ராஜராஜேச்சரம் என்று பெயர் பெற்றதை அறிந்த நமக்கு அந்த வழக்கம் சட்டென்று விளங்கும். செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தால் வருடிப் பார்த்தேன், இடைவெளி தட்டுப்படவில்லை. கருவறை ஒன்றின் முன்னே ஆவுடையாரும் அதன் நீர்வழியும் கிடப்பதைக் கண்ட என் துணைவியார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். 1969இல் அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் அங்கே மிக உயர்ந்த கோபுரம் இடிந்தது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களுள் காசிமிர் குவியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் முதன்மையானவர்; ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பின்னர் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே பணியாற்றியபோது, 2020 மே மாதத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. நம் குழுக்களை அழைத்து வரும் வழிகாட்டிகள் சிலர் இவை சோழர் கட்டியவை என்று மகிழ்ச்சிப்படுத்தப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். தமக்கென மொழியும் எழுத்தும் கொண்டிருந்த சாம் மக்களின் கைவேலை அது. அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நாட்டின் தென்பகுதியில் வாழ்கிறார்கள். மீ சன் போகுமுன் தா நாங்கிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். 1919இல் திறந்த அந்தக் கட்டடத்தில்தான் அக்கோவில்களின் சிறந்த சிற்பங்கள் இருக்கின்றன.

தீபாவளிக்குத்தான் விடுப்புக் கிடைக்கும் என்பவர்கள் அதே நாட்டின் வடபகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். ஹனோய், நின் பின், ஹா லாங் விரிகுடா ஆகியவற்றில் ஐப்பசிப் பிற்பகுதியில் மழை குறைந்து குளிர் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் இறுதி வாரங்கள் மத்தியக் கரைக்கு ஏற்றவை; வெயில் நம் ஊரைப் போல இருக்கும், கடல் அமைதியாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வரும் தெத் என்ற வியட்நாமியப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சுற்றுலா இணைப்பில் ஓர் ஊரைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, அந்த ஊரின் மாதவாரி மழையளவை ஒரு சிறு கட்டத்துக்குள் சேர்த்து அச்சிடுங்கள். பயண முகமைகளும் மழைமாதப் பயணங்களை விற்பதானால் அதை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லி, வெள்ளம் வந்தால் கட்டணமின்றித் தேதி மாற்றித் தர முன்வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் முதன்முறையாக வெளிநாடு போகிறவர்கள் எங்கள் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் மீ சன் கோவிலைப் பார்க்கவில்லை. தா நாங், ஹுவே, ஹனோய், ஹா லாங் ஆகிய நான்கு இடங்களுக்கும் நான் தொகுத்த மாதவாரி மழைப் பட்டியலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். தீபாவளி முன்பதிவு முடிவதற்குள் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.