பாப்பா ஜூடோ வகுப்புக்குப் போவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவை ஜூடோவில் சேர்த்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள், ரொம்ப சந்தோஷம். வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீ கேட்டாயாமே, வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

டோக்கியோவில் வேலையும் அறையும் அமைந்த கையோடு நான் சேர்ந்தது பக்கத்துத் தெரு டோஜோவில்தான், அதாவது ஜூடோ பயிற்சிக் கூடத்தில். ஜூடோவே இந்த ஊர்ச் சரக்கு, 1882-ல் கானோ ஜிகோரோ தொடங்கியது, அதனால் எதற்கெடுத்தாலும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். நுழையும்போது ஒரு வணக்கம், மெத்தையில் ஏறும்போது இன்னொன்று. முழங்காலிட்டு உட்காரும்போது இடது கால் முதலில், எழும்போது வலது கால் முதலில். உடுப்பின் இடப்பக்கம் வலப்பக்கத்துக்கு மேலே வர வேண்டும், மாற்றிக் கட்டிக்கொண்டு போனால் யாராவது பதறி ஓடிவந்து சரிசெய்வார்கள், ஏனென்றால் பிணத்துக்குத்தான் இங்கே அப்படி உடுத்துவார்கள்.

இதெல்லாம் நாலு பேரைப் பார்த்துத் தானாக வந்துவிடும். நீ வீட்டிலேயே கவனிக்க வேண்டியது நகம். கை, கால் இரண்டிலும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் பிடி முழுக்க எதிராளியின் காலரிலும் கழுத்தோரத்திலும்தான் விழும், லேசாக வளர்ந்த நகம்கூடக் கீறிவிடும். தோடு, வளையல், கிளிப் எதுவும் வேண்டாம். உடுப்பை ஒவ்வொரு தடவையும் துவைத்துக் காயவைத்துவிடு. மெத்தைக்கு வெளியே செருப்பு, மெத்தையில் வெறுங்கால், கழிப்பறைக்குப் போனாலும் செருப்போடுதான். முகமே அழுந்திக் கிடக்கிற இடம் அது, படர்தாமரை ஒருத்தருக்கு வந்தால் வகுப்புக்கே வந்துவிடும்.

அப்புறம் தட்டுவது. பிடி தாங்க முடியவில்லை என்றால் எதிராளி மேலோ மெத்தையிலோ படபடவென்று தட்ட வேண்டும், எதிராளி அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ரோஷம் பார்த்துத் தட்டாமல் இருப்பதும், தட்டிய பிறகு ஒரு நொடி சேர்த்துப் பிடித்திருப்பதும் இரண்டுமே தப்பு. எனக்கு ஜோடியாக வருகிற பெரியவர் ஒருத்தர் என் கை தட்டப் போவதை உணர்ந்தே விட்டுவிடுவார், விட்டதும் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, சரியா என்பதுபோலத் தலையை அசைத்துக் கேட்பார். அவரோடு பழகத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள்.

ஜெயித்தால் குதிக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் கமினாகாவை அவர் மண்ணிலேயே தோற்கடித்தார். கொண்டாட ஓடிவந்த சொந்த நாட்டுக்காரர்களை மெத்தையில் ஏறவிடாமல் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்தத் தங்கத்தைவிட அந்தக் கையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் மரியாதை என்ற பெயரில் எதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பான் தேசிய அணிப் பெண்கள் 15 பேர், பயிற்சியாளர்கள் தங்களை அடித்ததாகக் கொடுத்த புகார் 2013-ல் வெளியே வந்ததும் தலைமைப் பயிற்சியாளரே விலக வேண்டிவந்தது. பாப்பாவின் மாஸ்டர் திட்டினால் திட்டட்டும், கை நீட்டினால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு. முதல் வாரம் நீயே ஓரமாக உட்கார்ந்து பார், போனை எடுக்காமல்.

பெல்ட் முடிச்சு வரவில்லை என்றால் ஞாயிறு வீடியோ காலில் காட்டுகிறேன், உங்கள் நேரம் மாலை ஐந்தரைக்கு இங்கே ஒன்பது, நான் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்