14 நாளில் என்ன விலை போடுவது? நகராட்சிக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நேட்டாலின் நகராட்சிகளில் டெண்டர் வேலையைப் பார்க்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நகராட்சியில் எனக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல. ஆங்கிலப் படி தனியாக உங்களுக்கு வந்து சேரும். டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் டெண்டர் போட்டுப் போட்டு ஓய்ந்துபோன நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். 10 மில்லியன் ரேண்டுக்குக் கீழான கட்டட வேலைகளுக்கும் டெண்டர் போட 30 நாள் அவகாசம் கொடுங்கள்.

2005-ஆம் ஆண்டு நகராட்சிக் கொள்முதல் விதிகளில் 22-ஆம் விதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 10 மில்லியனுக்கு மேற்பட்ட வேலை என்றால் விளம்பரம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குக் குறையாமல் விட வேண்டும், நீண்டகால ஒப்பந்தத்துக்கும் அப்படியே. மற்றதுக்கெல்லாம் 14 நாள். எவ்வளவு பெரிய வேலைக்கு யார் டெண்டர் போடலாம் என்று ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரிக்கும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம்) பதிவில் 5-ஆம் தரத்தின் உச்சவரம்பும் அதே 10 மில்லியன்தான். ஆக 1 முதல் 5 வரை தரத்தில் இருக்கிற நாங்கள் எல்லாரும் அந்த 14 நாளில் வந்து விழுகிறோம். விலை போடுவதற்கென்றே தனி ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு ஒரு மாதம். பகலெல்லாம் சைட்டில் நின்றுவிட்டு இரவில் மட்டும் கணக்குப் பார்க்கிறவனுக்கு இரண்டு வாரம்.

நான் 3-ஆம் தரம். 3 மில்லியன் வரை டெண்டர் போடலாம். போன முறை நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சமூகக் கூடத்துக்குப் பின்னால், சரிவில் மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர், அதோடு கூரைப் பழுது. வெள்ளிக்கிழமை விளம்பரம் வந்தது. கட்டாய சைட் கூட்டம் அடுத்த வியாழன், வராதவர் டெண்டர் போட முடியாது. என் வீட்டிலிருந்து அங்கே இரண்டு மணி நேரப் பயணம். போய்ப் பார்த்தால் ரெடிமிக்ஸ் லாரி கீழே ரோட்டோடு சரி. அங்கிருந்து மேலே 60 மீட்டர், பாதி வழி படிக்கட்டு. கான்கிரீட்டைப் பம்ப்பில் ஏற்றுவதா, ஆள் வைத்துச் சுமப்பதா? அந்த வேலையின் லாப நட்டமே இந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. டெண்டரின் வேலைப் பட்டியலில் அது ஒற்றை வரி.

கடைசி நேரம் மறு வெள்ளி காலை 11 மணி. நடுவில் சனி, ஞாயிறு, செப்டம்பர் 24 விடுமுறை. எண்ணிப் பார்த்தால் கையில் நான்கு வேலை நாள். அந்தச் சனி புரட்டாசிச் சனி. வீட்டில் விளக்கேற்றி எல்லாரும் கும்பிட உட்கார்ந்தார்கள். நான் சாப்பாட்டு மேசையில் கல்லுக்கும் கம்பிக்கும் விலை எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கப் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

புதன் மாலை நாலரைக்கு உங்களிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. சுவரின் உயரம் ஒன்றரை மீட்டர் இல்லை, 2.4 மீட்டர்! அஸ்திவாரம் அகலமாகிறது, கம்பி கூடுகிறது, சாரம் கட்ட வேண்டும், கான்கிரீட் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கடைசி நாளை ஒரு மணி நேரம்கூடத் தள்ளவில்லை. வியாழன் முழுக்க போனில் இருந்தேன். கம்பிக் கடைக்காரர் சாயங்காலம் விலை தந்தார். பம்ப்காரர் திங்கட்கிழமைதான் சொல்ல முடியும் என்றார். நான் என்ன செய்ய? கை கடித்துவிடக் கூடாதே என்று பயந்து, ஆள் வைத்துச் சுமக்கிற கணக்கையே போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது இரவு இரண்டரை.

டெண்டர் பெட்டியைத் திறந்து விலைகளை வாசித்தபோது என்னுடையது இரண்டாவது. மிகக் குறைந்த விலைக்கும் எனக்கும் 29,000 ரேண்ட் வித்தியாசம். திங்களன்று பம்ப்காரரின் கொட்டேஷன் வந்தது. நான் பயந்து போட்டதைவிட 38,000 ரேண்ட் குறைவு.

விலைக்கு 80 புள்ளியும் சிறப்பு இலக்குகளுக்கு 20 புள்ளியும் தரும் 80/20 முறையில் குறைந்த விலையைவிட 5 விழுக்காடு கூடினால் 80-ல் 4 புள்ளி போய்விடும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவ்வளவு நுணுக்கமாக எடைபோடும் விலையை நாங்கள் குத்துமதிப்பாகப் போட வேண்டியிருக்கிறது. நேரம் இல்லாதவன் பயந்து கூட்டிப் போட்டுத் தோற்பான், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துப் போட்டு வேலையை எடுப்பான். அப்படி எடுத்தவன் பாதியில் விட்டுப்போன சுவர்களை உங்கள் வார்டுகளிலேயே பார்க்கலாம். திட்டமிட்டு விலை போடுங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறீர்கள், நானும் இரண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். திட்டமிட நாள் வேண்டாமா, ஐயா?

30 நாள் என்ற கணக்கு சட்டத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். முந்தைய ஒரு வேலைக்கு 97-ஆம் நாள்தான் எனக்குப் பணம் வந்தது. கொத்தனாருக்கு வெள்ளிக்கு வெள்ளி கூலி கொடுத்தாக வேண்டும், அவர் வீட்டு வாடகை 97 நாள் காத்திருக்காது. வேலை தொடங்கியதும் சைட் வாசலில் வந்து நின்று ஒப்பந்தத்தில் 30 விழுக்காடு கேட்டு மிரட்டும் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த நேரத்தில் நகராட்சி தரப்பில் போனை எடுக்க ஆளில்லை. பணத்தைக் கொடு, இல்லையென்றால் அடி வாங்கு என்று நிற்பவர்கள் முன்னால் எங்களைத் தனியாக விட்டுவிடுகிறீர்கள்.

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை.

விதி சொல்வது 14 நாளுக்குக் குறையக் கூடாது என்றுதான். 14-க்கு மேல் போகக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. 30 நாள் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, விளம்பரத்தில் போடுகிற தேதியை மாற்றினால் போதும். அவசரம் என்றால் நாளைக் குறைக்கவும் அதே விதியில் இடமிருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த நாங்கள் யாரும் அதற்குக் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் என் சுவர் அவசர வேலை இல்லை. திறந்த பெட்டியிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கே நான்கு மாதம் ஆயிற்று.

ஆகவே தாழ்மையோடு கேட்கிறேன். 10 மில்லியனுக்குக் கீழான வேலைக்கும் 30 நாள் கொடுங்கள். கடைசி வாரத்தில் அளவை மாற்றினால், பெட்டி மூடும் நாளையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். டிசம்பர் நடுவில் பில்டர் விடுமுறைக்குக் கடைகளெல்லாம் மூடும் முன் அடுத்த சுற்று விளம்பரங்கள் வரும். அவற்றிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சிறு கட்டட ஒப்பந்தக்காரன்