வறுமைப் பாவனைக்கு வெற்றியாளர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழைக் குடும்பமாக நடித்து வறுமையைப் புரிந்துகொள்ளப் பள்ளிகளும் நிறுவனங்களும் நடத்தும் வறுமைப் பாவனைப் பயிற்சிகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு பாத்திர அட்டை, கொஞ்சம் போலிப் பணம், அதை வைத்து ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் முடிவில் “யார் கையில் மிச்சம் அதிகம்?” என்று கேட்டுப் பரிசும் கொடுத்தால், சாமர்த்தியம் இருந்தால் போதும், ஏழைகளுக்கு அதுதான் இல்லை என்ற நினைப்போடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் 2011-இல் ‘ஸ்பெண்ட்’ என்ற இணைய விளையாட்டு வந்தது. 1,000 டாலரோடு ஒரு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் ஜீனா ரூசோஸ், ஜான் டொவிடியோ இருவரும் அதைச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். விளையாடியவர்களுக்கு ஏழைகள்மீது நல்லெண்ணம் கூடவில்லை. சிலரிடம் அது குறையவும் செய்தது. ஒவ்வொரு முடிவையும் தாமே எடுத்ததால், வறுமையும் அவரவர் எடுத்த முடிவு என்றே பட்டிருக்கிறது. திறமைக்கே முதலிடம் என்று கேட்டு வளரும் சிங்கப்பூர் மாணவர்களிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பது எங்கள் கருத்து.

ஆகவே முடிவெடுக்கும் வாய்ப்பைக் குறைத்து, காத்திருப்பையும் அலைச்சலையும் கூட்ட வேண்டும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவான நேரடிப் பாவனைமுறை இதற்குப் பொருத்தமானது. குடும்பங்கள் அறையின் நடுவில் உட்காரும். சுவரோரம் முதலாளி, பள்ளி, மருந்தகம், கடன் கொடுப்பவர், உதவி அலுவலகம் என மேசைகள் இருக்கும். 15 நிமிடம் ஒரு வாரம், மொத்தம் நான்கு வாரம். ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பயணச் சீட்டு தேவை.

அதை அப்படியே இங்கு இறக்கினால் சரிவராது. அங்கே வாரச் சம்பளத்தை வைத்துக் கணக்கு ஓடும். இங்கே பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம். அதனால் முழுத் தொகையையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் நான்காவது வாரம் எப்படி இருக்கும் என்பது தெரியும்.

ஓர் அட்டை இப்படி இருக்கலாம். பகுதிநேரத் துப்புரவு வேலை பார்க்கும் தாய், இரண்டு பிள்ளைகள், பாட்டி. சம்பளம் 1,400 வெள்ளி. கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு, அதாவது 280 போக, கைக்கு வருவது 1,120. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீடுகளுக்கு வருமானத்தையும் வீட்டின் அளவையும் பொறுத்து மாதம் 26 முதல் 275 வெள்ளி வரை வாடகை உண்டு. இந்த ஈரறை வீட்டுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். இத்தனை குறைந்த வாடகையில் என்ன கஷ்டம் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மிச்சம் 970. சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, கைப்பேசி, பள்ளிச் செலவு எல்லாம் நான்கு பேருக்கும் இதிலிருந்துதான்.

இரண்டாம் வாரம் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுகிறார். பெற்றோரைக் கவனிக்க விடுப்பு கொடுக்கும்படி தனியார் முதலாளிகளைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அம்மா உரிமம் பெற்ற கடன் கொடுப்பவரிடம் 500 வெள்ளி கேட்கிறார். 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம் பிடிக்கலாம் என்பதால் கைக்கு வருவது 450. மாத வட்டி 4 விழுக்காடு வரை போகலாம், ஆகவே மாதக் கடைசியில் 520 கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம், நிலுவைத் தொகைக்குத் தாமத வட்டியும் சேரும். சட்டத்துக்கு உட்பட்ட கடனே இப்படி. ஆ லோங், அதாவது சட்டவிரோதக் கடன் கொடுப்பவர், மேசை ஒன்று வைத்துச் சிரிப்பு மூட்டத் தேவையில்லை.

அதிகாரியாக நடிப்பவர் எரிந்து விழுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பங்கேற்பவர்கள் “அந்த ஆள் சரியில்லை” என்று சொல்லிவிட்டு விதிகளை மறந்துவிடுகிறார்கள். அதிகாரி மரியாதையாகப் பேசட்டும், ஆனால் பட்டியலில் உள்ள தாள் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பட்டும். பாட்டி அட்டையை வாங்குபவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்று எழுதி, படிவத்தை ஆங்கிலத்தில் கொடுங்கள். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போவார், அந்த வாரம் பள்ளி மேசையில் பிள்ளைக்கு வருகை இல்லை என்று பதிவாகும். இதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஒரு மணி நேரமாவது கலந்துரையாடலுக்கு வேண்டும். பெரும்பாலும் நேரமாகிவிட்டது என்று முதலில் வெட்டப்படுவது இதுதான். “எப்படி உணர்ந்தீர்கள்?” என்று தொடங்கினால் “பாவமாக இருந்தது” என்பதோடு பேச்சு நின்றுவிடும். எந்த மேசையில் அதிக நேரம் போனது, எதை வாங்காமல் விட்டீர்கள், எந்த விதியை மாற்றினால் இந்தக் குடும்பம் நான்காவது வாரத்தைத் தாண்டியிருக்கும் என்று கேளுங்கள்.

அட்டைகளில் உள்ள தொகைகளை வாடகை வீடுகளில் வசிப்பவர்களிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இன்னொன்று: 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் இந்த அட்டையில் இருப்பதையே வீட்டில் வாழும் பிள்ளையும் இருக்கலாம். “இங்கே யாராவது வாடகை வீட்டில் இருக்கிறீர்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நேரம் பார்ப்பது, சீட்டு கொடுப்பது போன்ற வேலைகளை யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சமூகசேவைத் தொண்டூழியர்கள் சிலர்,
ஈசூன்