நனைந்து வரும் பிள்ளையை முதலில் உள்ளே கூப்பிடுங்கள், டீச்சர்

அன்புள்ள தலைமையாசிரியர் டீச்சருக்கு,

வணக்கம். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். மகள் உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நீங்கள் பொறுப்பேற்ற பிறகு நடந்த முதல் கூட்டத்தில், "பிள்ளைங்க பயமில்லாம வர்ற பள்ளிக்கூடமா இது இருக்கணும், உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க" என்றீர்கள். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கே அன்று நேரம் சரியாகிவிட்டது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் மற்றப் பள்ளிகளின் பெற்றோருக்கும் இது உதவும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூட கேட்டிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சமவெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஜூன் பிறந்ததும் தேவாலா பக்கம் பெய்கிற மழையை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். அந்த மழையில் தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் பல பிள்ளைகள் வருகிறார்கள். வழியில் யானை நின்றால் அது விலகும் வரை காத்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பையனைப் பார்த்தேன். பணியர் என்ற பழங்குடி மக்களின் காலனிப் பிள்ளை. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புத்தகப்பையை வயிற்றோடு கட்டிப்பிடித்தபடி வந்தான். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் செருப்பு வரை வழிந்திருந்தது. பிரேயர் தொடங்கிவிட்டதால் கேட் பூட்டியிருந்தது. திறந்ததும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏன்டா லேட்டு?" வீட்டில் பணியர் மொழி பேசுகிற பிள்ளை, அத்தனை பேர் முன்னால் தமிழில் என்ன விளக்கம் சொல்லுவான்? பேசாமல் நின்றான். "திமிரு" என்றார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு இடைநின்றோர் பட்டியலில் அவன் பெயர் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'பெற்றோருக்கு ஆர்வமில்லை' என்று எழுதியிருந்தது.

டீச்சர், பயப்படும் பிள்ளை இங்கே புகார் கொடுக்காது. வராமல் நின்றுவிடும். அதனால் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிய, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதைவிட வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது போக வேண்டும். அதட்ட வேண்டாம், "உன்னைக் காணோமேன்னு வந்தோம்" என்று சொன்னால் போதும். துணைக்கு நாங்கள் வருகிறோம், வழியும் எங்களுக்குத் தெரியும்.

இந்தத் தாலுகாவில் ஒரே பெஞ்சில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்பது சீக்கிரம் உங்களுக்கே தெரிந்துவிடும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், மலையாளம் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், செட்டிமார், 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்கள். என் அப்பா பிறந்தது கண்டி. நான் பிறந்தது இந்த மலையில். என் மகளையும் "சிலோன்காரி" என்று ஒரு பையன் கூப்பிடுகிறான். பழங்குடிப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை எழுதக் கை கூசுகிறது. இதை 'சின்னப்பசங்க விளையாட்டு' என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் வாயிலிருந்துதான் அது பிள்ளைகள் வாய்க்கு வருகிறது. உதவித்தொகைப் படிவம் வந்தால் வகுப்பில் நின்று, "எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்கிறார்கள். சொல்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எழுந்து நிற்கும் பிள்ளையின் முதுகை நாற்பது கண்கள் பார்க்கின்றன.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், உடன் படித்த மாணவர்களே. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் யாரையும் சாதி சொல்லி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதற்குப் பணம் வேண்டாம், மேலதிகாரி உத்தரவும் வேண்டாம். நீங்கள் சொன்னால் நாளைக்கே நடக்கும்.

அடி பற்றி அதிகம் எழுத மாட்டேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடலை வருத்துவதையும் மனதை வருத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. "நாலு போடு போட்டுப் படிக்க வைங்க டீச்சர்" என்று கேட்டு வரும் அப்பாக்களை எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இடங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெண் பிள்ளைகள் கழிவறையில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். துணைக்கு ஆள் இல்லாத அன்று என் மகள் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்து பெரிய பையன்கள் சின்னவர்களை மடக்கும் இடம். ஒரு தாளைக் கொடுத்து, பள்ளியை வரைந்து பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பேர் எழுத வேண்டாம். எங்களுக்குத் தெரியாத இடங்களும் வெளியே வரும். பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் அந்த 'மாணவர் மனசு' பெட்டியும் ஆசிரியர் அறை வாசலிலேயே தொங்குகிறது. அத்தனை ஆசிரியர்கள் பார்க்க எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு மாற்றி, வாரத்துக்கு ஒரு நாள், குழுவில் உள்ள ஒரு தாயையும் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.

ஒருநாள் அதில் பெரிய விஷயம் ஒன்று வரலாம். அப்போது "பள்ளிக்கூடத்து மானம் போயிடும், உள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள், எங்கள் குழுவிலிருந்தேகூட வரலாம். கேட்காதீர்கள். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தெரிந்த உடனே தகவல் கொடுக்க வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெயின்ட் செலவு எங்களுடையது.

உங்கள் ஆசிரியர்கள் படும் பாடும் லேசானது இல்லை என்று தெரியும். இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிறார், பஸ்ஸை விட்டால் இருட்டில் நடக்கிறார். அவர்கள் குறையைக் கேட்கவும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

இப்போதைக்கு ஒரே வேண்டுகோள். குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தால் கொழுந்து பறிக்கப் போகும் எங்களுக்கு அன்றைய பேர் விழாது, கூலி போகும். காலனித் தாய்மார் வருவதே இல்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை, பணியர் காலனியிலேயே வையுங்கள். சாயா நாங்கள் போடுகிறோம். தேதியை முன்கூட்டியே சொன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா