மாலுவுக்கு, ஒரு குதிரையைப் பற்றி

அன்புள்ள மாலு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, சின்னவன் பத்தாவது வந்துவிட்டதால் வீட்டில் டிவி கிடையாது. உன் பக்கத்துச் சேதி எல்லாவற்றையும் உன் அண்ணி போனில் சொல்லிவிட்டாள், அதை நீ மறுபடி எழுத வேண்டாம். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. ஹாரு உராரா செத்துப்போய்விட்டது. 2025 செப்டம்பர் 9 அன்று, ஜப்பானில் சிபா பக்கம் ஒன்ஜுகு என்ற ஊரில் ஒரு பண்ணையில், வயிற்றுவலி வந்து, 29 வயதில். இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது.

யாருடி அது என்பாய். போன தடவை வந்திருந்தபோது என் போனில் ஒரு ரசிகர் வரைந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "குதிரைக் காதும் வாலும் வைத்த பள்ளிக்கூடப் பெண்கள், இதையெல்லாம் ஒரு படம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாயே" என்றாயே, அதில் இளஞ்சிவப்பு முடியோடு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். அன்றைக்கு உன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், நீ பாதியில் எழுந்து போக முடியாது.

அந்தப் பெண்கள் எல்லோரும் நிஜமாக ஓடிய பந்தயக் குதிரைகள். 'உமா முசுமே' என்று 2018இல் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக வந்தது, 2021இல் கேமாக வந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிஜக் குதிரையின் பெயர், அதன் குணம், அதன் தோல்விகள். காதில் மாட்டியிருக்கும் அலங்காரத்தைக் கவனி. நிஜத்தில் ஆண் குதிரை என்றால் வலது காது, பெண் குதிரை என்றால் இடது காது. இது தெரிந்த பிறகு ரசிகர்கள் வரைகிற படங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு நிஜம் ஒளிந்திருக்கிறது.

ஹாரு உராரா கோச்சி என்ற ஊரில் ஓடிய பெண் குதிரை. 113 பந்தயம், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அந்த மைதானமே நஷ்டத்தில் மூடுகிற நிலையில் இருந்தது. 2003இல் இது தோற்றுக்கொண்டே ஓடுகிற செய்தி பேப்பரில் வர, நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. 2004 மார்ச் 22 அன்று ஜப்பானின் மிகப் பெரிய ஜாக்கியான யுதாகா தாகே வந்து ஏறினார். பார்க்க 13,000 பேர் திரண்டார்கள். ஓடியது 11 குதிரை, இது பத்தாவதாக வந்தது. ரசிகர்களின் படங்களில் அவள் எப்போதும் மண்ணும் வியர்வையுமாகக் கடைசியில் ஓடிவந்து, ஜெயித்தவளைப் போலக் கையை ஆட்டுவாள். அவள் செத்த அன்றைக்கு வந்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. ஒருவர் எல்லைக்கோட்டை வரைந்து, அதைத் தாண்டி அவள் முதல் ஆளாக ஓடுவதாகப் போட்டிருந்தார். பின்னால் யாருமே இல்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இது கலையா, அடுத்தவன் உருவாக்கியதைப் பார்த்து வரைவதுதானே, என்றாய். சைலன்ஸ் சுசுகா என்று ஒரு குதிரை. தொடக்கத்திலேயே முன்னால் போய், கடைசிவரை யாரையும் பக்கத்தில் விடாமல் ஓடும். லாயத்தில் விட்டால் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருமாம், தடுத்தால் அதற்குப் பிடிக்காதாம். அந்தப் பெயரில் உள்ள பெண்ணும் யோசனையில் ஆழ்ந்தால் இடது பக்கமாகச் சுற்றுவாள். ஒரு ரசிகர் அவளைத் தனியாக ஒரு அறையில் நிற்க வைத்து, தரையில் வட்டமாகத் தேய்ந்த தடத்தை மட்டும் கவனமாக, பலகையின் ரேகை அழிந்திருப்பது தெரிகிற அளவுக்கு வரைந்திருந்தார். முகம்கூடச் சரியாகத் தெரியாது. விஷயம் தெரியாதவர்களுக்கு அது ஒரு அறை, ஒரு பெண், அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்கு அது ஒரு குதிரையின் வாழ்க்கை. நம்ம ட்ராயிங் மாஸ்டர் "பார்த்து வரை, பார்த்து வரை" என்று உயிரை வாங்குவாரே, இதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

1998 நவம்பர் 1, டோக்கியோ மைதானம், தென்னோ ஷோ பந்தயம். சுசுகாவுக்கு எண் 1, எல்லோரும் பணம் கட்டியதும் அதன் மேல்தான். முதல் ஆயிரம் மீட்டரை 57.4 விநாடியில் கடந்து எங்கேயோ முன்னால் போய்விட்டது. வளைவில் ஒரு பெரிய மரம் உண்டு, அதைத் தாண்டியதும் கால் எலும்பு முறிந்தது. காப்பாற்ற முடியாது என்று அன்றைக்கே கருணைக்கொலை செய்துவிட்டார்கள். அனிமேயில் அவள் கால் உடைந்தாலும் பிழைத்துத் திரும்ப ஓடுவாள். ரசிகர்கள் திதி கொடுக்கிற மாதிரி நவம்பர் 1 வந்தால் அந்த மரத்தை வரைகிறார்கள், அவள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறாள். இது பொய் ஆறுதல் என்று நீ சொல்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்தது என்ன என்று தெரியாதவர்கள் இப்படி வரைய முடியாது, தேதியை நினைவில் வைத்திருக்கவும் மாட்டார்கள்.

ரைஸ் ஷவர் கதை இதைவிட மோசம். சின்ன உடம்பு, கறுப்பாக இருக்கும். 1992இல் மிஹோனோ பூர்பன் என்ற குதிரையை மூன்றாவது பெரிய பட்டத்தை எடுக்கவிடாமல் ஜெயித்தது, 1993இல் மெஜிரோ மெக்வீன் என்ற குதிரை தொடர்ந்து மூன்றாவது தடவை தென்னோ ஷோவை ஜெயிக்கவிடாமல் தடுத்தது. ஜெயித்ததற்காகவே ஜனங்களுக்கு அதைப் பிடிக்காமல் போனது. 1995இல்தான் ஒருவழியாக மனசு மாறி, தகராசுகா பந்தயத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அதை முதலிடத்தில் நிறுத்தினார்கள். கோபே பூகம்பத்தில் வழக்கமான மைதானம் சேதமானதால் பந்தயம் கியோட்டோவுக்கு மாறியிருந்தது. அங்கே ஜூன் 4 அன்று ஓடும்போதே கால் முறிந்து விழுந்தது, அங்கேயே கருணைக்கொலை செய்துவிட்டார்கள். இப்போது படங்களில் அவள் நீல ரோஜா வைத்துக்கொண்டு, தான் இருந்தாலே மற்றவர்களுக்குக் கெடுதல் என்று பயப்படுகிற சின்னப் பெண். அவளைக் கூட்டம் வாழ்த்துவதாக எத்தனை படங்கள் தெரியுமா? நிஜக் குதிரைக்கு வாழ்த்து வந்தபோது அதற்கு நாள் மிச்சமில்லை.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, மறைக்கவில்லை. இந்தக் குதிரைகளை ஓடவிட்டதே மனிதர்கள் பணம் கட்டுவதற்குத்தான். கால் முறிந்து செத்த மிருகத்துக்கு அழகான முகம் வைத்துவிட்டால் பந்தயம் செய்த கொடுமை மறைந்துபோகாதா? ராத்திரி படுத்துக்கொண்டு இதையே யோசித்திருக்கிறேன். அப்புறம்தான் நைஸ் நேச்சர் விஷயம் தெரிந்தது. அரிமா கினென் என்ற பெரிய பந்தயத்தில் 1991, 1992, 1993 மூன்று வருஷமும் மூன்றாவது வந்த குதிரை. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று அதன் பிறந்தநாளில் நன்கொடை கேட்கும். கேம் வந்த 2021இல் அந்த நன்கொடை 3 கோடியே 58 லட்சம் யென்! 2023இல் 7 கோடியைத் தாண்டியது. அந்த வருஷம் மே 30 அன்று 35 வயதில் அது இறந்தது, ஆனால் அதன் பெயரில் வந்த பணத்தில் கைவிடப்பட்ட வேறு குதிரைகள் இன்றைக்கும் புல் தின்கின்றன. ஹாரு உராராவுக்கும் கடைசி மாதங்களில் வெளிநாட்டு ரசிகர்கள் பணம் கட்டிப் புல் அனுப்பினார்கள். உறுத்தல் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் முகம் கொடுத்ததால்தான் ஜனங்கள் அந்த மிருகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை.

இன்னொன்று. கேமை எடுத்த நிறுவனம், குதிரைகளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனம் புண்படும்படி ஆபாசமாகவோ கொடூரமாகவோ வரையாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை மதிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

கோல்ட் ஷிப் பற்றி எழுதவில்லை, எழுதினால் நீ சிரித்தே செத்துவிடுவாய். 2015இல் பந்தயம் தொடங்கக் கதவு திறக்கிற நேரத்தில் பின்னங்காலில் எழுந்து நின்று, ஜனங்கள் கட்டிய 1200 கோடி யென் அளவுக்குச் சீட்டுகளைக் காகிதமாக்கிய குதிரை. உன் மாமியாரைத் தவிர யாருக்கும் அந்தப் பிடிவாதம் வராது.

நீ வரைவதை நிறுத்திவிட்டாய் என்று அண்ணி சொன்னாள். சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாயாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன் மாலு. இவர்களும் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. செத்துப்போன ஒரு குதிரையைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, இடது பக்கமாகச் சுற்றிய தடத்தை வரைந்தார்கள். உனக்கு அந்தக் கண் இருக்கிறது, நமக்குள் அது உனக்கு மட்டும்தான் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து நீ வரைந்த செவலைக் கன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஸ்கெட்ச் புத்தகத்தோடு வா. நாம் ஒட்டகம் என்று கூப்பிடுவோமே, அவனும் வருகிறானாம், அவனிடம் பழைய பாக்கியை நீயே கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பாமா